எடையக்காவின் பின்னணி

ஒரு மனுஷி யோக்கியமானவள் என்று தெரிந்துகொள்ள எவ்வளவு நாள் ஆகும்? கூடக் குடியிருப்பவர்களைக் கேட்டால் ஒரு மழைக்காலம் போதும் என்பார்கள். மாமியாரைக் கேட்டால் முதல் நாளே தெரிந்துவிட்டது என்பார். எல்லைக் காவல் துறையைக் கேட்டால் மூன்றரை வருஷம் என்பார்கள். அதுவும் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள், "நடவடிக்கையில் உள்ளது" என்பார்கள்.

அந்த மூன்றரை வருஷத்தையும் ஒரு நாள் குறையாமல் அனுபவித்தவள் எடையக்கா. அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் லாரிக்காரர்கள் வாயில் அது நுழைந்ததில்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் எடை மேடையில் அவளுக்குப் பத்து வருஷ வேலை. பாலம் தாண்டினால் எல்லை. பாலம் அரதப் பழசு என்பதால் வண்டியும் சரக்குமாகப் பதினாறு டன்னுக்கு மேல் தாங்காது. சரக்கு ஏற்றிய வண்டி எதுவானாலும் மேடையில் ஏறி எடை பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் அவள், அவள் முன்னால் எண் காட்டும் பெட்டி, பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். பொத்தானை அமுக்கினால்தான் குறுக்குக் கட்டை தூக்கும். பதினாறு டன்னுக்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் கூடியதை அங்கேயே இறக்கியாக வேண்டும்.

லாரி மேடையில் ஏறும்போது ஸ்பிரிங் பட்டை அழுந்துகிற விதத்தைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவாள். பெட்டி பிறகு மெதுவாக ஒத்துக்கொள்ளும். அதனால்தான் அவளுக்கு வயிறு எரியும். "பஞ்சு மெத்தை" என்று கடிதம் கொண்டுவரும் வண்டி, பாறாங்கல் ஏற்றியதுபோல் முனகிக்கொண்டு ஏறும். பதினாறுக்குள் இருந்தால் அவள் நோட்டில் ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான் அதிகாரம். மீதியை எல்லை வாயிலில் பார்த்துக்கொள்வார்கள். அங்கே பார்க்க வேண்டியவர்கள் பன்னிரண்டு பேர். பதினோரு இடம் காலி. மிச்சமிருந்த ஒரே காவலருக்கு ஓய்வு வயது கடந்து இரண்டு முறை நீட்டிப்புக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு கையில் டீ கிளாஸும் மறுகையில் கட்டையின் கயிறுமாக நிற்பார். பஞ்சு மெத்தை போய்க்கொண்டே இருக்கும்.

அந்த வாயிலில் தான் போய் நிற்க வேண்டும் என்று எடையக்கா ஆசைப்பட்டாள். வேறொன்றும் இல்லை.

எழுத்துத் தேர்வு, ஓட்டம், கண், காது எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தேறினாள். ஓட்டத்தில் முதல் ஆள். பாக்கி இருந்தது பின்னணி விசாரணை மட்டும். அதற்கு அறுபத்து நாலு பக்கப் படிவம். பத்து வருஷமாக எங்கெங்கே குடியிருந்தீர்கள், யார் யாருடன், அவர்கள் இப்போது எங்கே? உங்கள்மீது பொறாமை கொண்டவர்கள் யார்? இல்லை என்றால், ஏன் இல்லை? அயல்நாட்டார் யாருடனாவது பேசியதுண்டா? எல்லைப் பாலத்தில் வேலை பார்க்கிறவள் பொய் எழுதுவாளா? "ஆமாம், தினம் நாற்பது பேர்" என்று எழுதினாள். என்ன பேசினீர்கள் என்ற கட்டத்தில் "முன்னாடி எடுங்க, பின்னாடி எடுங்க, நிறுத்துங்க" என்று எழுதினாள். அந்த நாற்பது பேரின் பெயர், விலாசம், பேசிய தேதி கேட்டு எட்டாம் மாதம் கடிதம் வந்தது. முதல் வருஷம் அதில் போயிற்று.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது. விண்ணப்பதாரர் வாழ்க்கையில் எந்த மாற்றம் நேர்ந்தாலும் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், தெரிவித்ததும் விசாரணை முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். இரண்டாம் வருஷம் நகராட்சிக்காரர்கள் தெருவுக்குப் புது எண் போட்டார்கள். பதினாலாம் எண் வீடு இருபத்திரண்டு ஆனது. வீடு அப்படியேதான் இருந்தது, கதவில் இருந்த தகரம்தான் மாறியது. எடையக்கா யோக்கியமாகத் தெரிவித்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. விசாரிக்க வந்தவர் இருபத்திரண்டாம் எண் வீட்டு வாசலில் நின்று, பதினாலாம் எண்ணில் இருந்த பெண்ணைத் தெரியுமா என்று அவளிடமே கேட்டார். தெரியும் என்றாள். எப்படிப்பட்டவள் என்றார். கொஞ்சம் அவசரப்பட்டுப் படிவம் நிரப்புகிறவள் என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

இந்த மனிதரைத் தெரு முழுவதும் கேள்விக்காரர் என்றே சொல்லும். ஒல்லியான ஆள், தன்னைவிடக் கனமான பை, எப்போதும் பாதி மை தீர்ந்த பேனா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. கேட்கச் சொன்னதைக் கேட்பார், சொன்னதை எழுதுவார், எழுதியதைப் படிக்கமாட்டார்.

முதல் தடவை அவர் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாவிடம் கேட்டபோது, அந்த அம்மா தங்கமான பொண்ணு, அதிர்ந்து பேசமாட்டாள் என்று வாயாரச் சொன்னார். "அளவுக்கு மீறிப் புகழ்கிறார். சொல்லிக்கொடுக்கப்பட்டதா என அறியவும்" என்று கோப்பில் ஏறியது. அதை அறிய அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை தையல்கார அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மூன்றாம் தடவை வந்தபோது கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நல்ல பொண்ணுதான். ஆனா இத்தனை தடவை வந்து கேக்கறீங்கன்னா, ஏதோ இருக்கத்தானே செய்யும்?"

"அக்கம்பக்கத்தில் சந்தேகம் நிலவுகிறது" என்று கேள்விக்காரர் எழுதினார். சந்தேகம் எப்போதிலிருந்து நிலவுகிறது, யார் கிளப்பியது என்று கண்டறிய நாலாம் தடவை வந்தார். கிளப்பியவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளப்பியவரைத் தேடினார். அதற்குள் எடையக்கா கடைக்குப் போனால் பேச்சு சட்டென்று நிற்க ஆரம்பித்திருந்தது. தையல்கார அம்மா அவளுடைய ரவிக்கையை, அளவு சரியில்லை என்று தைக்காமலே திருப்பிக் கொடுத்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வீட்டில் எல்லாம் நின்ற இடத்தில் நின்றது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. கல்யாணம் மாற்றம், புது வீடு மாற்றம், மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர், பதினோரு மாற்றம். ஒவ்வொருவருக்கும் அறுபத்து நாலு பக்கம். அம்மாவுக்குக் கோபம் கோபமாக வரும். "எல்லையைக் காக்கறதுக்கு முன்னாடி நீ எங்களைக் காக்க வெச்சுக் கொல்றேடி" என்பாள். மெக்கானிக் அமைதியான ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, சட்டையில் இருந்த கிரீஸ் கறையைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டா, உள்ள இருக்கறவங்ககிட்ட நாங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். குதிச்சுடாதீங்க, வந்துட்டே இருக்கோம்னு. ஆனா மூணு வருஷமா யாரையும் நாங்க உள்ள வெச்சதில்ல."

அவளுக்கு அன்றைக்கு அழுகை வந்தது. ஆனால் வயது வரம்பு முப்பத்து மூன்று. அது முடிய ஏழு மாதம் இருந்தது. இவ்வளவு நாள் நின்றாயிற்று, இன்னும் ஏழு மாதம்தானே என்றாள்.

மூன்று மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து நேரில் வரச் சொல்லி ஓலை வந்தது. காத்திருப்பு அறையில் இருபது பேர் இருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஏழு வருஷமாக வருகிறாராம். முதலில் எடுத்த புகைப்படத்தில் தலை கருப்பு, இப்போது நரை, அதனால் ஆள்மாறாட்டம் என்று தனி விசாரணை நடக்கிறதாம். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். வேறு எதையும் சொல்லிக்கொள்ள அவருக்கு இல்லை.

உள்ளே போவதற்கு முன் துறை இயக்குநர் எல்லோரையும் நிறுத்திவைத்து ஒரு சிற்றுரை ஆற்றினார். நல்ல குரல். மேசையில் பூங்கொத்து.

"கடந்த நாலு வருஷத்துல எங்க துறையில சேர்ந்த ஒரு காவலர்கூட லஞ்சம் வாங்கினதா புகார் இல்ல. ஒருத்தர்கூடப் பணி நேரத்துல தூங்கல. எந்தத் துறையாலயாவது இப்படிச் சொல்ல முடியுமா? காரணம் என்ன? நாங்க அவசரப்பட்டு யாரையும் சேர்க்கல. தப்பான ஆள் ஒருத்தன் நிக்கறதைவிட, யாருமே நிக்காத வாயில்தான் பாதுகாப்பு. அங்க நிக்கறவனை நம்பலாமாங்கற கேள்வியே வராது பாருங்க."

இருபது பேரும் கைதட்டினார்கள். கைதட்டாதவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளக் கேள்விக்காரர் பேனாவோடு நின்றிருந்தார்.

தனியாகக் கூப்பிட்டபோது இயக்குநர் அவளுடைய கோப்பைத் தடவிக்கொடுத்தார். ஐந்து கட்டாக வளர்ந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு மேலாக இவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறீர்களே, சாதாரண ஆளால் முடியாதே, உங்களுக்கு என்ன திட்டம் என்று கேட்டார். முதல் வருஷமே கோபப்பட்டு ஒரு கடிதம் எழுதினேனே என்றாள். அதுவும் இருக்கிறது, "அவசரக் குணம்" என்ற தலைப்பில் என்றார். பிறகு தணிந்த குரலில், இன்னும் தன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றார். ஆனால் அலுவலகம் பாலத்துக்கு அப்பால், வாயிலுக்குப் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்கு மாறப்போகிறது. எல்லையை அருகில் இருந்து சந்தேகிக்க வசதி. அங்கே போய் முதல் கையெழுத்து உங்களுக்குத்தான் என்றார்.

அவள் முப்பத்து மூன்றைத் தாண்ட நாலு நாள் இருந்தபோதுதான் அந்த மாற்றம் நடந்தது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, கோப்புகள் ஏற்றிய லாரி எடை மேடைக்கு வந்தது. பின்கதவில் அரக்கு முத்திரை. பின்னால் ஜீப்பில் இயக்குநர், அவர் பக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டு கேள்விக்காரர்.

வண்டி மேடையில் ஏறியதுமே எடையக்காவுக்குத் திக்கென்றது. ஸ்பிரிங் பட்டை பாரத்தில் வளைவே இல்லாமல் நேராகக் கிடந்தது. டிரைவர் நீட்டிய கடிதத்தில் "இரகசியக் கோப்புகள், வண்டியோடு சேர்த்துப் பத்து டன்" என்று இருந்தது. பெட்டி பதினாறு டன் தொள்ளாயிரம் கிலோ காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். காகிதம் எங்கேயாவது இப்படிக் கனக்குமா?

கூடுதல் எடையை இறக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னாள். அரசாங்கக் காகிதம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும் என்று அவர் சிரித்தார். லாரி இயக்குநருடைய மச்சானுக்குச் சொந்தம் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார். தற்காலிக ஒப்பந்த வண்டி. தற்காலிகம் என்றால் பின்னணி விசாரணை கிடையாது, அது நிரந்தரமாகச் சேருகிறவர்களுக்கு மட்டும். அவளுடைய செத்துப்போன பெரியப்பாவின் சின்ன வயசுச் சேர்க்கை வரைக்கும் விசாரித்த அலுவலகம், சொந்த மச்சானை விசாரிப்பது மரியாதை இல்லை என்று விட்டிருந்தது.

பின்னால் ஏழெட்டு லாரி சேர்ந்துவிட்டது. இயக்குநர் ஜீப்பை விட்டு இறங்கிக் கூண்டு ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் கோபமே இல்லை. தோல்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார். நியமன ஆணை. அவளுடைய நிஜப் பெயர், அம்மா வைத்த பெயர், முழுசாக அச்சாகியிருந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

"புது ஆபீஸ்ல போடலாம்னு இருந்தேன். பரவாயில்லம்மா, இங்கயே போட்டுடறேன். நீங்க அந்தப் பொத்தானை அமுக்குங்க. வண்டி போகட்டும்."

எடையக்காவின் கை பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவளுக்கு அந்தத் தாள் வேண்டும். அதை இல்லையென்று சொன்னால் பொய். தேய்ந்துபோன ஓட்டக் காலணி ஞாபகம் வந்தது, கிரீஸ் கறையைச் சுரண்டிய விரல் ஞாபகம் வந்தது, ஒருக்களித்த கதவு ஞாபகம் வந்தது. அமுக்கிவிட்டால் திங்கட்கிழமை வாயிலில் நிற்கலாம். நின்றால் இதே லாரி அங்கே வரும். அன்றைக்கும் இவர் பேனாவோடு வருவார். அப்புறம் அவள் ஒரு கையில் டீ கிளாஸோடு நிற்க வேண்டியதுதான்.

"சார்," என்றாள். "நான் ஒழுங்கா வேலை செய்யறவளான்னு மூணரை வருஷமா ஊரெல்லாம் கேட்டீங்க. இங்க வந்து அஞ்சு நிமிஷம் நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப நிக்கறீங்க இல்ல, பாத்துக்கோங்க. தொள்ளாயிரம் கிலோவை இறக்குங்க."

இயக்குநர் பேனா மூடியை மாட்டினார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேள்விக்காரரிடம் எழுதச் சொன்னார்: விண்ணப்பதாரர் சந்தேகப்படும் குணம் உள்ளவர், எல்லைக் காவலுக்குத் தகுதியற்றவர். கேள்விக்காரர் எழுதினார். பேனாவில் மை தீர்ந்து, எடையக்காதான் வேறு பேனா கொடுத்தாள்.

முத்திரையை உடைக்கக் கூடாது, அது இரகசியம் என்று இயக்குநர் வழிமறித்தார். முத்திரை உடைக்கும் அதிகாரம் வாயில் காவலருக்கு உண்டு என்பது எடை மேடை விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எடையக்கா போன் போட்டாள். நான் அங்கே வந்தால் இங்கே யார் இருப்பது என்றார் காவலர். இருந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தப் பக்கம் டீ கிளாஸை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. கிழவர் பாலத்தின் மேல் விறுவிறுவென்று நடந்து வந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். இயக்குநரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே இழுப்பில் அரக்கைப் பெயர்த்தார்.

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள், எடையக்காவுக்கு ஒரு கை கொடுக்கலாம் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். முன்னால் இரண்டு அடுக்கு கோப்பு. அதற்குப் பின்னால் லாரி முழுக்கத் தாமிரக் கம்பிச் சுருள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள். சோற்றின் மேலே, பார்வையாக, எடையக்காவின் ஐந்து கட்டு. பாலத்துக்கு அப்பால் கோப்பை மட்டும் இறக்கிவிட்டு மீதியை வாயில் வழியே அனுப்புவதாக ஏற்பாடு என்று டிரைவர் கேட்காமலே சொல்லிவிட்டார்.

சுருள்களை இறக்கி, வண்டியையும் ஓரங்கட்டிய பிறகு, ஒரு லாரிக்காரர் அவளுடைய ஐந்து கட்டையும் தூக்கிக் காலி மேடை நடுவில் வைத்தார். மேடை இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும் கண்டுகொள்ளாது. அப்படியும் எண் நகர்ந்தது. நாற்பது கிலோ. எடையக்காவின் சொந்த எடையே ஐம்பத்திரண்டுதான். பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவளும் சிரித்துவிட்டாள்.

நாலு நாளும் ஓடிப்போயிற்று. ஆணை வரவில்லை. வயது கடந்த அன்றைக்கு அவள் அழுதாள். அதை மறைப்பானேன்? அம்மா அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை. வேலியே பயிரை மேயும்போது நீ அந்த வேலியில் ஒரு முள்ளாக இருக்கவில்லையே என்று சந்தோஷப்படு என்றாள். மறுநாள் காலை எடையக்கா மாற்றப் படிவம் ஒன்றை எடுத்தாள். கல்யாணம், மாற்றம். வீடு, மாற்றம். புது உறவினர் பதினோரு பேர், மாற்றம். காரணம் என்ற கட்டத்தில் "என் இஷ்டம்" என்று எழுதித் தபாலில் போட்டாள். அடுத்த மாதமே கல்யாணம் முடிந்தது. ரவிக்கை தைத்தது தையல்கார அம்மாதான். எனக்கு அப்பவே தெரியும் என்று அந்த அம்மா நாலு பேரிடம் சொன்னார். எது தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

பதினோரு இடம் காலியாக இருந்தும் மாபெரும் தாமிரக் கடத்தலை முறியடித்ததாகத் துறை அறிக்கை விட்டது. இயக்குநர் மேல் விசாரணை வந்தது. விசாரணை முடியும் வரை ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லக் கூடாது என்பதால் அவர் அதே நாற்காலியில் இருந்தார், பூங்கொத்தும் இருந்தது. அவருடைய நடத்தை பற்றிச் சொல்ல, உறவினர் அல்லாத, மூன்று வருஷமாவது அவரோடு தொடர்பில் இருந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். பட்டியலில் முதல் பெயர் எடையக்கா.

கேள்விக்காரர் பையோடு எடை மேடைக்கு வந்தார். முதல் தடவை அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். இரண்டாம் தடவை வந்தபோதும் கிலோ மாறாமல் அதையே சொன்னாள். மூன்றாம் தடவை மேடையில் ஒரு லாரி நின்றது, பின்னால் ஆறு நின்றன. கேள்விக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, இயக்குநர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

எடையக்கா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்லவர்தான் சார். ஆனா இத்தனை தடவை வந்து கேக்கறீங்கன்னா, ஏதோ இருக்கத்தானே செய்யும்?"

அவர் எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, தான் எழுதியதைப் படித்தார். அப்படியென்றால் இதையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டுமே என்று பரிதாபமாகச் சொன்னார்.

"தொடங்குங்க சார்," என்றாள் எடையக்கா. "மூணரை வருஷம் ஆகும். இப்ப கொஞ்சம் ஓரமா நில்லுங்க, வண்டி நிக்குது."

பெட்டி பதினைந்து டன் எண்ணூறு காட்டியது. கடிதமும் அதையேதான் சொன்னது. அவள் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.